சிக்கிட் சஜா

அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை. தாதி வந்து, பூஜ்யம் முதல் பத்துக்குள் வலி எவ்வளவு என்று மலாயில் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "சிக்கிட் சஜா, மிஸ்ஸி. டுவா" என்றார். தாதி 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் நகர்ந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார். "ராத்திரி பூரா கண்ணு மூடலம்மா. உசுரு போகுது."

ஒரே வாய்தான். மலாயில் இரண்டு, தமிழில் உயிர் போகிற வலி!

காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பிழைக்கிறவள் நான். குரல் மாறினால் தெரிந்துவிடும். தாதியிடம் பேசும்போது அப்பாவின் குரல் மெலிந்து, கொஞ்சம் மேலேறி, ஒரு சிரிப்பில் முடிந்தது. வீட்டில் ரிமோட் காணவில்லை என்றால் பக்கத்து வீடு வரை கேட்கக் கத்துகிற மனிதர் அவர்.

அந்த மெலிந்த குரலை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், தோட்டத்தில், கிராணி எதிரில். அப்பா இருபது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டு. வராத நாளுக்குக் கூலி இல்லை. 'முடியல' என்ற சொல்லுக்கு அங்கே விலை இருந்தது. கையில் நோட்டு வைத்து எழுதுகிறவர் கேட்டால் நோவைச் சொல்லக்கூடாது என்று உடம்பே பழகிவிட்டது. தாதி கையிலும் ஒரு நோட்டு இருந்ததே!

ஊடகம் படித்த காலத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயர் அப்போது ஞாபகம் வந்தது: மார்க் ஸ்போரோவ்ஸ்கி. நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்து 1952இல் எழுதியவர். இத்தாலிய, யூத வழிவந்தவர்கள் வலியை வாய்விட்டுச் சொன்னார்களாம். தலைமுறைகளாக அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் அடக்கிச் சொன்னார்களாம். இனத்துக்கு ஒரு முத்திரை குத்திவிட்டார் என்ற குறை அவர் மேல் உண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்பாவே ஒரே நிமிடத்தில் இரண்டு விதமாகச் சொன்னாரே, எந்தக் கட்டத்தில் அவரைப் போடுவது?

நம் அரசாங்க மருத்துவமனைகளில் 2008 முதல் காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தத்தோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டுக் குறிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மற்ற நான்கையும் தாதியே அளந்துவிடலாம். ஐந்தாவதை நாம்தான் சொல்ல வேண்டும்.

தாதியைத் திரும்ப அழைத்து வந்தேன். மறுபடியும் அதே சிரிப்பு, அதே "சிக்கிட் சஜா". எனக்குக் கோபம். (நான் மட்டும் என்ன? காய்ச்சலோடு மைக் முன் உட்கார்ந்து, "சூப்பரா இருக்கேன் நேயர்களே!" என்று சொன்னவள்தானே.) தாதி அனுபவசாலி. எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, "அங்கிள், நேற்று ராத்திரி தூங்கினீங்களா?" என்று மலாயில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"தா போலே, மிஸ்ஸி."

அரை மணி நேரத்தில் மருந்து மாறியது. மதியம் அப்பா குறட்டை விட்டார்.

மாலையில் வேறொரு தாதி அதே கேள்வியோடு வந்தார். அப்பா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, "அம்பாட்" என்றார். வலி குறைந்த பிறகுதான் எண் நாலுக்கு ஏறியிருக்கிறது.