இல்லத் தோட்டம்: மார்கழித் தொட்டியில் கொத்தமல்லி

திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் ஆதிபுரீசுவரரின் கவசம் களையப்பட்டு, அன்பர்கள் திருமேனியைத் தரிசிக்கின்றனர். தரிசனம் முடித்து இல்லம் திரும்பும் குடும்பத்தினர் ஒரு பிடி தனியாவை விதைக்க எடுத்து வைப்பதற்கு அதுவே ஏற்ற காலம். மழை தணிந்து பனி இறங்கும் மார்கழியும் தையுமே சென்னையில் கொத்தமல்லித் தழைக்கு உரிய பருவம். வெங்காயமும் பூண்டும் விலக்கிய விரத நாட்களில் ரசத்துக்கு மணம் சேர்ப்பது இத்தழையே.

சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை ஆகியவை இதன் உறவினம். ஆயினும் கொல்லையில் தானாக முளைத்த செடியைத் தழையின் வடிவம் கண்டு மட்டும் கொத்தமல்லி என்று பறித்துவிடலாகாது. காலி மனைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் மண்டும் பார்த்தீனியக் களையின் இளஞ்செடியும் பிளவுபட்ட இலைகளோடுதான் தோன்றும். அது தோலில் அரிப்பையும், சிலருக்கு மூச்சுத் தொல்லையையும் தரும். அதன் இலையில் மென்மயிர் படர்ந்து சொரசொரப்பாக இருக்கும். கொத்தமல்லி இலையோ மயிரின்றி வழவழப்பானது. அடியிலைகள் விசிறிபோல் விரிந்தவை. கசக்கினால் அதற்கே உரிய மணம் எழும். ஐயமுள்ள செடியை வெறுங்கையால் தொடாதிருப்பதே நலம்.

வடசென்னையில் மண்ணையும் ஆராய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை அங்குள்ளோர் மறந்திலர். தழையின் மேல் படியும் தூசியை நீர் கழுவிவிடும். வேர் உறிஞ்சிய நஞ்சைக் கழுவ இயலாது. ஆதலால் அத்தகைய இடங்களில் கொல்லை நிலத்தைத் தவிர்த்து, நம்பகமான நாற்றுப் பண்ணையில் வாங்கிய மண்ணைத் தொட்டியில் இடுவதே தக்கது.

முக்கால் அடி ஆழமுள்ள தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புக. அடியில் நீர் வடியத் துளை வேண்டும். உருண்டையான தனியா ஒவ்வொன்றிலும் இரு விதைகள் உள்ளன. அதை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மூடுக. 8 முதல் 15 நாட்களில் முளைக்கும். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நடுவதை அது தாங்காது. விதைத்த இடத்திலேயே வளரவிடுக. காலை வெயில் படட்டும். கடலோரக் கிணறுகளின் உவர்நீர் ஆகாது. மழை மீண்டும் வலுத்தால் தொட்டியைக் கூரையடிக்கு நகர்த்துக. சுமார் 40 நாட்களில் தழை பறிக்கலாம். வங்கியில் மாதந்தோறும் செலுத்தும் தொடர் வைப்பைப் போல், பத்து நாட்களுக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்து வந்தால் பொங்கலுக்குப் பின்னும் தழை தொடர்ந்து கிடைக்கும்.

மாசியில் மகிழடி சேவை நிகழும் வேளையில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். தழை நூல்போல் மெலிந்து வெண்பூக்கள் தோன்றும். அது நோயன்று, செடியின் இயல்பு. இரண்டொரு செடிகளைப் பிடுங்காது விட்டு, காய் பழுப்பானதும் அறுத்து, நிழலில் உலர்த்திப் புட்டியில் சேமித்து வைத்தால், அடுத்த கார்த்திகைக்கு வேண்டிய விதை இல்லத்திலேயே ஆயத்தமாக இருக்கும்.