இன்டென்ச்சர் இல்லை, துண்டு

மலையகத்தைப் பற்றி இங்கிலீஷில் வருகிற அறிக்கை, ஆய்வு, அசைன்மென்ட் என்று எதை எடுத்தாலும் ஒரு சொல் வந்து உட்கார்ந்திருக்கும்: 'இன்டென்ச்சர்ட் லேபர்'. நாமும் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று தமிழில் போட்டுவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல் நம்ம கதைக்குப் பொருந்தாது என்பதுதான் என் கருத்து.

லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். பழைய ஐரோப்பாவில் ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு தடவை எழுதி, நடுவில் பல்லுப் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தினால் பத்திரம் உண்மை. 'இன்டென்ச்சர்' பிறந்தது இப்படித்தான். 1834 முதல் மொரீஷியஸுக்கும் 1879 முதல் பிஜிக்கும் போனவர்கள் இப்படி ஒப்பந்தத்தில் போனவர்கள். பிஜியில் அது ஐந்து வருஷம்.

இங்கே நடந்தது வேற. கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்தார். சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் தோட்டத்தை விட்டுப் போகலாம். கடன்தான் விடாது. வேற தோட்டத்துக்குப் போகணும்னா 'துண்டு' வேணும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதுத் துரை பணத்தைக் கட்டுவார், கடன் ஆளோடயே போகும். துண்டைச் சட்டம் தடை செய்தது 1921ல்தான்.

"பேரில் என்ன இருக்கு, ரெண்டும் கொடுமைதானே?" என்று கேட்கலாம். கொடுமைதான். ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, கடனுக்கு அது இல்லை. இன்னொன்று, 'இன்டென்ச்சர்' என்றதும் வெள்ளைக்காரத் துரையும் ஒரு தாளும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நம்ம ஊர்க்காரராகவும் சில நேரம் சொந்தக்காரராகவும் இருந்த கங்காணி அந்தப் படத்திலேயே இல்லை. சாதி, சொந்தம், கடன் மூன்றையும் சேர்த்துப் பின்னிய கயிற்றை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

கடன் இன்னும் லயத்தை விட்டுப் போகவில்லை. தீபாவளி முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. நுண்கடன் தவணை வீட்டு வாசலுக்கே வருகிறது. 'ஒப்பந்தம்' என்று ஆரம்பித்தால் இதெல்லாம் புதுப் பிரச்சினை மாதிரித் தெரியும். 'துண்டு' என்று ஆரம்பித்தால் இதன் வேர் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பிஜிக்குப் போனவர்கள் 'அக்ரிமென்ட்' என்ற சொல்லைத் தங்கள் வாயில் 'கிர்மிட்' ஆக்கினார்கள். இன்றைக்கு உலக ஆய்வாளர்கள் அதை அப்படியே எழுதுகிறார்கள். நம்மிடம் 'துண்டு' இருக்கிறது. அடுத்த அசைன்மென்டை இங்கிலீஷில் எழுதினாலும், அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவோம்.