பழைய டிராக்டர் வாங்குவோர் வண்ணத்தை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். அதே விவசாயி பழைய டிராக்டர் வாங்கப் போனால், பளபளக்கும் பெயிண்டையும் பானெட்டில் ஒட்டிய பெயரையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார். "எல்லா 35-ம் ஒன்றுதான்" என்று தரகர் சொல்வதை நம்பிவிடுகிறார். அது சரியல்ல என்பதே என் கருத்து.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு விவசாயி, பழைய 1035 ஒன்று விலைக்கு வருகிறது, ரோட்டவேட்டர் பூட்டி வாடகைக்கு ஓட்டலாமா என்று கேட்டார். மாடலின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, "ஓட்டலாம், இரட்டை கிளட்ச் இருக்கும்" என்றேன். வண்டியை நேரில் பார்க்கவில்லை. அவர் கடன் பட்டு வாங்கினார். வந்ததோ ஒற்றை கிளட்ச் வண்டி. சேற்றில் கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ரோட்டவேட்டரும் நின்றது. வாடகை வேலை குறைந்தது. கடன் தவணை தள்ளிப்போனது. பெயரை வைத்துப் பதில் சொன்னது என் பிழை.

ஒரே பெயரில் பல வகை வருவது புதிதல்ல. இங்கிலாந்தில் 1957 முதல் மாஸி பெர்குசன் 35 என்ற பெயரில் வந்த டீசல் வண்டிகளில் முதலில் ஸ்டாண்டர்டு நான்கு சிலிண்டர் என்ஜின் இருந்தது. 1959 இறுதியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் என்ஜின் வந்தது. வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முதல் என்ஜினில் தண்ணீர் நேரே தொடும் ஈர லைனர். அடுத்ததில் உலர் லைனர். ஒன்றின் உதிரி பாகம் மற்றொன்றுக்குச் சேராது. ஒற்றை கிளட்ச், இரட்டை கிளட்ச் என்ற வேறுபாடும் இதே 35-இல் உண்டு.

நம் நாட்டிலும் அப்படியே. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாபே நிறுவனம் மாஸி பெர்குசன் வண்டிகளை இங்கேயே செய்தது. 35-இன் வழியில் வந்த 1035 இன்றும் பல ஊர்களில் உழுகிறது. மகிந்திராவின் பழைய பி-275 நான்கு சிலிண்டர் வண்டி. பின்னாளில் வந்த 275 டி.ஐ. டி.யு. மூன்று சிலிண்டர். எண் 275 என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

ஆகவே, வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் கவனியுங்கள்.

முதலாவது, சிலிண்டர். டீசல் பம்பிலிருந்து நாசில்களுக்குப் போகும் குழாய்களை எண்ணுங்கள். மூன்று குழாய் என்றால் மூன்று சிலிண்டர். நான்கு என்றால் நான்கு. இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

இரண்டாவது, கிளட்ச். காலி நிலத்தில், கருவி எதுவும் பூட்டாமல், தண்டின் அருகில் யாரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, தாழ்ந்த கியரில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பி.டி.ஓ. தண்டும் சுற்றட்டும். பெடலைப் பாதி மிதித்ததும் சக்கரம் நின்று, தண்டு தொடர்ந்து சுற்றினால் இரட்டை கிளட்ச். இரண்டும் ஒருசேர நின்றால் ஒற்றை கிளட்ச். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கிளட்ச் சரியாக அமைக்கப்படாமலும் இருக்கலாம்.

மூன்றாவது, எண்கள். என்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் துணியால் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். அதை ஆர்.சி. புத்தகத்துடன் ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடமோ, புதுப் பெயிண்டோ இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது புத்தகத்தில் பதிவாகி இருக்க வேண்டும்.

நான்காவது, பத்திரங்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம் வேண்டும். வண்டி வங்கிக் கடனில் இருந்திருந்தால் படிவம் 35-ம், வங்கியின் தடையின்மைச் சான்றும் வாங்கிய பின்னரே முழுப் பணம் கொடுங்கள்.

விற்பவர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெயிண்ட் அடிக்கும்போது எண் தகட்டைக் கழற்றி எறியாதீர்கள். அதன்மேல் பூசவும் பூசாதீர்கள். விற்பனைச் சீட்டில் "35 டிராக்டர்" என்று மொட்டையாக எழுதாமல் முழு மாடல், சிலிண்டர், கிளட்ச் வகை, இரு எண்கள் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். வாங்குபவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவது நட்டமல்ல.

எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களும் இனிப் பெயரைக் கேட்டு யோசனை சொல்லக் கூடாது. வயலுக்குப் போய் வண்டியைப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

பழைய டிராக்டர் கெட்டதல்ல. எளிய அமைப்பு, உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்ப்பார். புது வண்டி வாங்க வழியில்லாத சிறு விவசாயிக்கு அது நல்ல துணை. ஆனால் நம் வீட்டுக்கு வருவது எந்த வண்டி என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரை மணி நேரமும், ஒரு தாளும், ஒரு பென்சிலும் போதும்.