சைகோனுக்குப் போன ஊறுகாய்ப் பாட்டில்

சென்ற தீபாவளி முடிந்த கையோடு நாங்கள் பதினெட்டுப் பேர் குழுவாக வியட்நாம் போய் வந்தோம். எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள், பாதிக்கு மேல் ஓய்வூதியக்காரர்கள். திரும்பி வந்ததும் பார்த்தவர்கள் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அங்கே என்னத்தைச் சாப்பிட்டீங்க? நாய் எல்லாம் தின்பாங்களாமே?" நாய்க்கறி சாப்பிடுகிறவர்கள் அங்கே சிலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருந்த ஆறு நாளில் அதை நான் எங்கும் காணவில்லை. வேறு எதையும் ஒருவரும் கேட்காததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குழுவின் பெட்டிகளில் துணியைவிடப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் அதிகம். போதாததற்கு, தினம் இரண்டு வேளையும் பேருந்து எங்களை இந்திய உணவகத்தில் இறக்கிவிட்டது. வீட்டில் ஒரு நாளும் செய்யாத பனீர் பட்டர் மசாலாவையும் தந்தூரி ரொட்டியையும் "நம்ம சாப்பாடு" என்று நண்பர்கள் ருசித்துச் சாப்பிட்டார்கள். சைகோனில் ஐந்து நாள் இருந்தும் சைகோன் சாப்பாட்டை வாயில் வைக்காமல் திரும்பியவர்கள் எங்களில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு நானும் என் மனைவியும் நழுவிவிட்டோம். ஓட்டலுக்குப் பின்னால் ஒரு சந்து. நடைபாதையில் குழந்தைகள் உட்காரும் அளவில் பிளாஸ்டிக் முக்காலிகள். அலுவலகம் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், தாத்தாக்கள் எல்லோரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முழங்காலைப் பார்த்த கடைக்கார அம்மா, ஒன்றும் பேசாமல் இரண்டு முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்னை உட்காரச் சொன்னார்.

வந்தது 'ஃபோ'. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும் போட்டு, அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்த சாறு. நம் பிரியாணிக்குப் போடும் அதே அன்னாசிப்பூதான். அதில் அரிசி நூடுல்ஸ், மேலே கறித்துண்டுகள். பக்கத்துத் தட்டில் பச்சை இலைகள், முளைப்பயறு, எலுமிச்சை, மிளகாய். அவரவர் நாக்குக்கு அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டியது. எண்ணெய் மிதக்கவில்லை, வயிறு கனக்கவில்லை. விலை 50,000 டாங். பயந்துவிடாதீர்கள், நம் பணத்தில் நூற்று எழுபது ரூபாய் போல.

பிரெஞ்சு வழியில் படித்தது அறுபது வருடம் கழித்து அந்தச் சந்தில் கை கொடுத்தது. காப்பிக்கு 'கா ஃபே', வெண்ணெய்க்கு 'பொ', சோப்புக்கு 'சா ஃபோங்', சட்டைக்கு 'சோ மி', ரயில் நிலையத்துக்கு 'கா'. எல்லாம் கஃபே, பேர், சவோன், ஷெமீஸ், கார் என்று நான் பள்ளியில் எழுதிப் பழகிய சொற்கள்தான், வியட்நாம் உடுப்பு உடுத்தியிருந்தன. நாம் 'கொம்யூன்', 'லிசே' என்று சொல்லிக்கொள்வது போலத்தான். ரொட்டியும் அப்படியே. பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து கறியும், ஊறவைத்த கேரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லியும் வைத்து 'பான் மி' என்று தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

அந்தத் தட்டில் நீண்டு, ஓரம் ரம்பப்பல் போல இருந்த ஓர் இலை. கிள்ளியதும் கொத்தமல்லி வாசம் இரண்டு மடங்காக அடித்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை வீட்டுப் பாட்டியின் பூந்தொட்டியில் இருந்த இலை அது.

1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் பலர், குமாஸ்தாவாகவும் போலீசாகவும் வரி வசூலிப்பவராகவும் சைகோனுக்குப் போனது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அப்படிப் போன ஒருவர் கட்டிக்கொண்டு வந்தவர்தான் அந்தப் பாட்டி. சேலை கட்டப் பழகினார், தமிழ் பேசினார், சாம்பாரும் மீன் குழம்பும் வைத்தார். சாகும்வரை நம் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். அத்தி பூத்தாற்போல் ஒரு நாள் மீன் சாறு, அதான் 'நுவோக் மாம்', ஊற்றிச் சமைத்தால், தெருப் பிள்ளைகள் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் வாசலைக் கடந்து ஓடுவோம். நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. கருவாட்டுக் குழம்புக்கு அலைகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் மூக்கைப் பொத்த என்ன இருந்தது? அவர் காதில் விழும்படி சொன்ன பட்டப்பெயரை இங்கே எழுதக் கை கூசுகிறது.

அவர் நாற்பது வருடம் நம் சாப்பாட்டைச் சாப்பிட்டார். நமக்கு அவர் ஊரில் ஐந்து நாள் முடியவில்லை. என் வருத்தம் இவ்வளவுதான்.

"நாங்க சைவம், என்ன செய்யறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. 'சாய்' என்ற ஒரே சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சைவம் என்று பொருள். அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் நம் அமாவாசையும் பௌர்ணமியும்! 'சாய்' என்று பலகை மாட்டிய கடைகளை அங்கே தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சாதாரணக் கடையில் "காய்கறி மட்டும்" என்று கேட்டால் போதாது, சாறு எலும்புச் சாறாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் காப்பிக்கு மட்டும் எச்சரிக்கை: டம்ளரின் அடியில் கெட்டிப்பால் ஒரு விரற்கடை நிற்கும்.

பென் தான் சந்தைக்கு அருகில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கும் போனோம். நம்மவர்கள் கட்டிய கோயில். அன்று வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசி வியட்நாமியர்கள். ஊதுபத்தி ஏற்றி, சுவரில் நெற்றியை வைத்துத் தங்கள் குறையை அம்மனிடம் முணுமுணுத்தார்கள். நம் அம்மனை இத்தனை உரிமையோடு எடுத்துக்கொண்டவர்களின் கஞ்சியில் கை நனைக்க நமக்கு என்ன தயக்கம்?

மூன்று வேளையும் அவர்கள் சாப்பாடு சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. இந்த வயதில் வயிறும் மாத்திரைகளும் நம் பேச்சைக் கேட்பதில்லை. காலை ஒரு வேளை மட்டும் அந்த ஊர்க்காரர்களோடு உட்காருங்கள். இன்னொன்று: உங்கள் வீட்டில் சைகோன் பாட்டி இருந்திருந்தால், கிறிஸ்துமஸுக்குப் பொரிக்கும் 'நேம்' மட்டும் மிஞ்சியிருக்கும். மற்றதையும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ஊறுகாய்ப் பாட்டிலைத் தாராளமாகக் கொண்டு போங்கள். திறக்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் கெட்டுப் போகாது.