உளுத்தது வேறு, பழையது வேறு

இடித்த வீட்டு நிலையிலும் உத்தரத்திலும் மேசை செய்யலாமே என்று சொல்லிப் பாருங்கள். "பழைய மரம் நிற்குமா?" என்ற கேள்விதான் முதலில் வரும்.

நிற்கும். பச்சை மரம்தான் காயக் காயச் சுருங்கும், கோணும். ஐம்பது அறுபது ஆண்டுகள் கூரையைத் தாங்கிய கைமரம் அந்தப் பாட்டையெல்லாம் பட்டு முடித்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு வைரம் பாய்ந்தது. அந்த வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைபோவது சும்மா இல்லை. உளுத்திருக்கிறதா என்பதை ஆசாரி தட்டிப் பார்த்தும் உளிமுனையால் குத்திப் பார்த்தும் சொல்லிவிடுவார். புது பார்ட்டிகிள் போர்டு அலமாரியை அப்படிச் சோதிக்க வழியில்லை. பளபளக்கும் தாளுக்குள்ளே இருப்பது மரத்துகளும் பசையும். தண்ணீர் ஊறினால் உப்பி உதிரும். பலத்தைப் பற்றிய கேள்வியை அங்கேயல்லவா கேட்க வேண்டும்!

சரக்கு ஏற்றும் பேலட் பலகையில் விஷம் இருக்கும் என்பார்கள். எல்லாவற்றிலும் இல்லை. நாடு விட்டு நாடு போகும் பேலட்டில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, தாராளமாக எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகையிட்டது. அதையும் எண்ணெய்க்கறை படிந்ததையும் தொட வேண்டாம். எனக்கு உண்மையிலேயே பயம் பழைய பெயின்ட்டில்தான். அதில் ஈயம் இருக்கலாம்; உலர்வாகத் தேய்த்தால் தூசியாகப் பறக்கும். அப்படிப்பட்ட பலகையில் குழந்தைக்குத் தொட்டில் செய்யவே கூடாது.

"ஒட்டுப்போட்ட சாமான், அழகிருக்காது" என்பதற்கு நெதர்லாந்தின் வடிவமைப்பாளர் பீட் ஹைன் ஈக் பதில் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1990-இல் படிப்பை முடிக்கையில் அவர் செய்து காட்டியது கழிவுப் பலகை அலமாரி. பலகைகளின் பழைய நிறங்களை மறைக்காமல், அவற்றையே அலங்காரமாக்கினார்.

கடைசியாக ஒன்று: "குப்பை மரம்தானே, மலிவாகக் கொடுங்கள்." இதுதான் எனக்குக் கோபத்தை வரவழைப்பது. மரம் மலிவாக வரலாம், வேலை மலிவில்லை. காந்தம் வைத்துத் தேடி ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் இழைப்புளியின் வாய் போய்விடும். பழைய துளை எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப அளவையே மாற்ற வேண்டும். புதுப் பலகையில் ஒரு நாளில் முடிகிற மேசைக்கு இதில் மூன்று நாள் ஆகலாம். அந்த மூன்று நாள் கூலியையும் சேர்த்துத்தான் ஆசாரி விலை சொல்கிறார்.