வாய்க்காலை அடைத்துவிட்டு வயலைப் பழிப்பதா?

"டெஸ்ட் கிரிக்கெட் சாகக் கிடக்கிறது" என்று ஒரு கூட்டம் ஒப்பாரி வைக்கிறது. ஐந்து நாள் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்களுக்குப் பொறுமை இல்லையாம். மேற்கிந்தியத் தீவுகள், ஜிம்பாப்வே, அயர்லாந்து போன்ற அணிகளுக்கு ஆடவே வரவில்லையாம். ஆகவே வலுத்தவனுக்கு ஒரு பந்தி, இளைத்தவனுக்கு ஒரு பந்தி என்று டெஸ்ட் அணிகளைப் பிரித்துவிட வேண்டுமாம். 2025ஆம் ஆண்டில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலிலேயே இந்தப் பேச்சு எழுந்தது.

பந்தி பிரிக்கும் நியாயம் எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, தோழர்களே!

"ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து ஓடுகிற நமக்குக் கிரிக்கெட் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அறுவடை முடிந்த வயலில் தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு ஆடுவது யார் பிள்ளைகள்? நமது பிள்ளைகள்தானே! அவர்கள் உயிராக நேசிக்கும் ஆட்டத்தை எவர் கைப்பற்றியிருக்கிறார்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

களத்து மேட்டுக் கணக்காகவே பார்ப்போம். உலகப் போட்டிகளின் ஒளிபரப்பு முதலிய வகைகளில் வரும் வருமானத்தை 2024 முதல் 2027 வரை எப்படிப் பிரிப்பது என்று 2023 ஜூலையில் முடிவு செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 60 கோடி டாலர். வெளியான கணக்குப்படி, நூறு மூட்டை நெல் என்று வைத்துக்கொண்டால், இந்திய வாரியத்துக்கு 38½ மூட்டை. இங்கிலாந்துக்கு ஏறத்தாழ 7. ஆஸ்திரேலியாவுக்கு 6 சொச்சம். டெஸ்ட் ஆடும் மற்ற ஒன்பது நாடுகளும் சேர்ந்து பெறுவது சுமார் 37. மிச்சம் 11 மூட்டையைத் தொண்ணூறுக்கு மேற்பட்ட சிறிய நாடுகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்!

இது போதாதென்று இன்னொரு அநியாயம். இரண்டு நாடுகள் தமக்குள் ஆடும் தொடரில், எந்த ஊரில் ஆட்டம் நடக்கிறதோ அந்த ஊர் வாரியத்துக்கே ஒளிபரப்புப் பணம் போகிறது. கடல் கடந்து வந்து வெயிலில் ஐந்து நாள் உழைத்த எதிரணி வெறுங்கையோடு திரும்புகிறது. எதிரணி இல்லாமல் ஆட்டம் ஏது?

விளைவு என்ன? 2017இல் டெஸ்ட் அந்தஸ்து பெற்ற அயர்லாந்து, 2025இல் ஆப்கானிஸ்தானை அழைத்து நடத்தவிருந்த தொடரையே பணமுடையால் கைவிட்டது. தென்னாப்பிரிக்கா 2024 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கு இரண்டாந்தர அணியை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் அதற்கு முன் ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர். முன்னணி வீரர்கள் எங்கே? உள்நாட்டு இருபது ஓவர் பந்தயத்தில்! அந்தப் பந்தயத்தின் ஆறு அணிகளும் ஐபிஎல் அணிகளை வைத்திருக்கும் முதலாளிகளின் சொத்து.

இதற்காக வீரர்களைத் துரோகிகள் என்று வசைபாடுவது தவறு. எந்த ஆலையில் கூலி கூடுதலோ அங்கே தொழிலாளி போவான். குற்றம் கூலிக்காரனுடையது அல்ல, கூலியை நிர்ணயிப்பவனுடையது.

"திறமை இல்லை" என்கிறார்களே, உண்மையா? 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகள் அணி ஆஸ்திரேலியாவை 8 ரன்னில் வீழ்த்தியது. கால் விரலில் அடிபட்ட நிலையிலும் 68 ரன் கொடுத்து 7 விக்கெட் சாய்த்தவர் ஷமார் ஜோசப். கயானாவின் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் பிறந்து, காவலாளியாக வேலை பார்த்த இளைஞர் அவர். ஆனால் அதே அணி 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் அதே ஆஸ்திரேலியாவிடம் 27 ரன்னுக்குச் சுருண்டது. மண் வளமானது, பாய்ச்சல்தான் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 2023–25 சுற்றில் இரண்டு ஆட்டங்களுக்கு மேற்பட்ட ஒரு டெஸ்ட் தொடர்கூட அதற்குக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில், டெம்பா பவுமா தலைமையில் ஆஸ்திரேலியாவை வென்று உலக டெஸ்ட் சாம்பியன் ஆயிற்று. தண்ணீர் கிடைக்காத கடைமடை வயலே இப்படி விளைந்தால், தண்ணீர் விட்டால் எப்படி விளையும்!

இந்த ஆட்டத்தில் சமத்துவம் தானாக வந்ததும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளில் கறுப்பின வீரர் ஒருவர் முழுத் தொடருக்குத் தலைவராக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரினிடாடின் மார்க்சியவாதி சி.எல்.ஆர். ஜேம்ஸ் தமது பத்திரிகையில் விடாது போராடினார். ஃபிராங்க் வொரல் தலைவரானார். பிற்காலத்தில் அந்த அணி 1980 முதல் 1995 வரை ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்காமல் உலகை ஆண்டது.

"பணம் இந்தியச் சந்தையிலிருந்து வருகிறது; ஆகவே பெரும் பங்கும் இந்தியாவுக்கே" என்று தேசபக்தி வேஷத்தில் ஒரு வாதம் வருகிறது. ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2023 முதல் ஐந்தாண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிருக்கிறது. இதற்கு மேலும் 38½ மூட்டை எதற்கு? பார்வையாளன் தரும் காசு ஆட்டத்துக்காகத் தருவது. ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் வேண்டும். தலைமடையில் இருக்கிறேன் என்பதற்காக ஆற்றுத் தண்ணீர் முழுவதும் என்னுடையது என்று மிராசுதார் சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

இந்தப் போக்கு நீடித்தால் முடிவு தெளிவு. மூன்று பணக்கார நாடுகள் ஒன்றோடொன்று மாறிமாறி ஆடும். மற்றவை ஆள்பிடிக்கும் களமாகத் தேயும். கடைசியில் அந்த மூவரின் ஆட்டமும் சலித்துப்போகும். இயந்திரத்தைப் பழுதுபார்க்காமல் ஓட்டி லாபத்தை உறிஞ்சிவிட்டு, "ஆலை நலிந்துவிட்டது" என்று கதவடைக்கும் முதலாளியின் தந்திரமே இது!

ஆகவே நாம் கோருவது இதுதான். பொது வருமானத்தை டெஸ்ட் நாடுகளுக்குள் நியாயமாகப் பங்கிடு! ஒளிபரப்புப் பணத்தில் விருந்தாளி அணிக்கும் பங்கு கொடு! எந்த நாட்டு வீரனுக்கும் டெஸ்ட் ஆட்டத்துக்குக் கண்ணியமான குறைந்தபட்ச ஊதியம் உறுதி செய்! எல்லா அணிகளுக்கும் குறைந்தது மூன்று ஆட்டத் தொடர் வழங்கு! அவற்றை முதலாளிகளின் பந்தயங்கள் விழுங்காதபடி நாட்களை ஒதுக்கி வை!

டெஸ்ட் அணிகள் தாமாகச் சாகவில்லை, பட்டினி போடப்படுகின்றன. முதலில் மடையைத் திறக்கட்டும். விளைச்சலைப் பற்றிப் பிறகு பேசுவோம்.