சர்வர் மாத்தப் போறீங்களா? ‘எத்தனை டிபி’ன்னு மட்டும் கேட்டா போதாது!

கடம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளில் சரக்கு லாரி கேட்டைத் தாண்ட இன்வாய்ஸும் இ-வே பில்லும் ரெடியாக இருக்கணும். பில் போடும் சர்வர் திணறினால், லாரி அங்கேயே நிற்கும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வுக்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2023 அக்டோபர் 10-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்னமும் அதில் ஓடுகிற மெஷினை மாற்றியே ஆக வேண்டும். சரி, புதுசுக்கு எவ்வளவு வேகமான டிஸ்க் தேவை?

கொட்டேஷனில் பளிச்சென்று தெரிவது ‘4 டிபி’ மாதிரி ஒரு எண்தான். அது குடோனின் பரப்பளவு மாதிரி. எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று சொல்லும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மூட்டை ஏற்றி இறக்கலாம் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கணக்குக்குப் பெயர் ஐஓபிஎஸ். அதாவது, ஒரு நொடியில் எத்தனை முறை படிக்கவோ எழுதவோ முடியும் என்பது.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவைத் தேடி அதன் ஹெட் நகர சுமார் 9 மில்லி செகண்ட், தட்டு அரைச் சுற்று வர சுமார் 4. ஆக 13. நொடிக்குச் சுமார் 75 வேலைதான் நடக்கும். ரெய்டு 5 முறையில் நாலு டிஸ்க் போட்டால் 300 வருமே? படிக்கும்போது வரும். எழுதும்போது, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இரண்டு முறை படித்து, இரண்டு முறை எழுதணும். 300 மறுபடியும் 75 ஆகிவிடும்! (கன்ட்ரோலரில் கேஷ் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.)

தேவையை அளக்க விண்டோஸிலேயே இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் போதும். தனிச் செலவு கிடையாது. ஆனால், ஒரு நாள் மதியம் மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சம்பளம் போடும் நாள், ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11-ம் தேதி, ராத்திரி பேக்கப் நேரம் எல்லாம் அடங்குகிற மாதிரி ஒரு மாசம் ஓடவிடணும். சராசரியை விட உச்சம்தான் முக்கியம்.

ஏமாறுவதற்கு வாய்ப்புள்ள இடமும் இதுதான். பழைய டிஸ்க் தன் சக்திக்கு மேல் ஒரு எண்ணைக் காட்டவே முடியாது. மிச்ச வேலையெல்லாம் வரிசையில் காத்து நிற்கும். அதனால் க்யூ எவ்வளவு நீளம், ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்தே பார்க்கணும். அந்த நேரம் 20 மில்லி செகண்டைத் தாண்டியே நீடித்தால், டிஸ்க் மூச்சு வாங்குகிறது. உண்மையான தேவை மானிட்டர் காட்டுவதை விட அதிகம்.

பேசாம எஸ்எஸ்டி வாங்கிட்டா? நியாயமான கேள்வி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே ஆயிரக்கணக்கில் ஐஓபிஎஸ் தரும். சின்ன ஆலையின் பில்லிங்குக்கு அது தாராளம். அதற்கு மேல் விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டியை யாராவது தலையில் கட்டப் பார்த்தால், அளந்த எண்ணைக் காட்டி ‘எதுக்கு?’ என்று கேட்கலாம்.

மிச்சமாகும் பணத்தை, திடீரென கரன்ட் போனாலும் எழுதிக்கொண்டிருக்கும் தரவைக் காப்பாற்றும் சர்வர் ரக எஸ்எஸ்டியில் போடுவது புத்திசாலித்தனம். அதன் எழுதும் ஆயுளும் முக்கியம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். எழுதும் வேலை கூடத்தான் செய்யும். ஒரு நாளில் எத்தனை ஜிபி எழுதப்படுகிறது என்பதை ஐந்து வருஷத்துக்குப் பெருக்கி, எஸ்எஸ்டியின் டிபிடபிள்யூ எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொட்டேஷனில் அந்த எண் இல்லையென்றால், ஆர்டர் கொடுக்கும் முன் கேட்டு வாங்கிவிடுங்கள்.